வேட்டிக்குள் ஒரு விரதம்

ஐயர் சொம்பை எடுத்துச் சரோஜாவின் கையில் கொடுத்தார்.

மணவறையில் என் பக்கத்தில் என் மனைவி சரோஜா, எதிரே மாப்பிள்ளை. என் மகள் கவிதாவின் கை மருதாணிச் சிவப்போடு என் கைக்குள் இருந்தது. சரோஜா தண்ணீரை ஊற்ற வேண்டும், நான் மகளைத் தாரை வார்க்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

மண்டபம் நிறைய ஆட்கள். கேமராக்காரர் விளக்கை என் மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தார். "அப்பாவப் பாரேன், என்னா ஒரு அமைதி" என்று முன்வரிசையில் ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது.

அந்த அமைதிக்குக் காரணம் பக்தி இல்லை. என் வலது கெண்டைக்காலில் கட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் பைதான் காரணம். வேட்டிக்குள் அது இருக்கும் சங்கதி எனக்கும் சரோஜாவுக்கும் நண்பன் ராமையாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வாரம் என் பல்செட் ரொட்டி சானாயோடு சேர்ந்து போன கதையை எழுதியதற்கே ஆசிரியர் போன் செய்து, "அண்ணே, குடும்பம் படிக்கிற பத்திரிகை லா" என்றார். குடும்பத்துக் கிழவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே கிடையாதா என்று கேட்டேன். அவர் லைனைத் துண்டித்துவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இந்த வாரம் கொஞ்சம் கீழே இறங்குகிறேன்.

மேல்சாதி நோய், கீழ்சாதி நோய்

கிள்ளானில், மேரு பக்கம் போகும் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் தாமான் பூங்காவில் நடக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. நடப்பது கொஞ்ச நேரம். அதன்பிறகு மாமாக் கடையில் தேநீரோடு உட்கார்வது வெகு நேரம்.

கடையில் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி "தே தாரிக், குராங் மானிஸ்" என்போம். இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டால் சர்க்கரை வியாதி நம்மை மன்னித்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. கடைக்காரர் கெட்டிப் பாலை எப்போதும் ஊற்றுகிற அளவுக்குத்தான் ஊற்றுவார். எங்கள் மனச்சாட்சிக்கு அவர் பொறுப்பில்லையே.

அந்த மேசையில் நோய்களுக்குள்ளும் சாதி உண்டு. இருதய ஆபரேஷன் செய்தவர்தான் எல்லாருக்கும் மேலே. கேட்காமலே சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார். அடுத்தது ரத்தக் கொதிப்பு. சர்க்கரை இல்லாதவனை நாங்கள் சேர்ப்பதே இல்லை. கண்ணில் புரை எடுத்தவர் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு மாதம் ராஜா மாதிரி இருப்பார்.

ஆனால் நடக்கும்போதே திடீரென்று மூங்கில் புதர்ப் பக்கம் ஒதுங்குகிறவர் திரும்பி வந்து வானிலையைப் பற்றித்தான் பேசுவார். அவர் எதற்குப் போனார் என்று எவனும் கேட்க மாட்டான். ஏனென்றால் அடுத்து ஒதுங்கப் போகிறவன் அவன்தான்.

எனக்கு அது இரண்டு வருடமாக இருந்தது. அவசரமாக வரும். ஓடிப்போய் நின்றால் வராது. நின்று நின்று, சுவரில் எழுதியிருக்கும் போன் நம்பர்களையெல்லாம் மனப்பாடம் செய்த பிறகு நாலு சொட்டு வரும். கைகழுவிவிட்டுக் கதவைத் தாண்டினால் மறுபடியும் அவசரம். கிள்ளானிலிருந்து செலாயாங் வரைக்கும் எந்தப் பெட்ரோல் நிலையத்தில் டாய்லெட் சுத்தம், எந்தக் கடையில் சாவி கேட்க வேண்டும் என்று எனக்கு அத்துப்படி.

இதில் எனக்குப் பரம எதிரி தண்ணீர்ச் சத்தம். பக்கத்து வீட்டில் கார் கழுவினால் நான் எழுந்துவிடுவேன். கோயிலில் அபிஷேகம் ஆரம்பித்தால் போச்சு. சாமி தலையில் முதல் குடம் விழும்போது நான் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிக்கொண்டிருப்பேன். பாலுவுக்கு, அதாவது எனக்கு, அருள் வந்துவிடுகிறது, கூட்டத்தில் காட்டிக்கொள்ள விரும்பாமல் வெளியே போகிறார் என்று கோயிலில் ஒரு பேச்சு உண்டு. நான் மறுக்கவில்லை.

டாக்டரிடம் போகவில்லை. பயம்தான். புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம். இன்னொரு பயத்தை உண்டாக்கியவன் ராமையா. அவன் என் பால்ய நண்பன், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன். டாக்டர் எங்கே விரலை விட்டுப் பார்ப்பார் என்று மாமாக் கடையில் வைத்துக் கையை ஆட்டி விளக்கியிருந்தான். அன்று எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

சம்பந்தி போட்ட சட்டம்

கவிதா கோலாலம்பூரில் வேலை பார்க்கிறவள். முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் ரூமுக்குள் போய்விடுவாள். நாங்கள் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்ட நேரத்தில், "அப்பா, ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன்" என்றாள். பையன் பெயர் மதன். நல்ல பையன், சிரித்த முகம்.

சம்பந்திக்குத்தான் அந்த முகம் இல்லை. பிரிக்பீல்ட்ஸ்காரர். பள்ளிக்கூடத்தில் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றும் அது அவரை விட்டுப் போகவில்லை. பரிசம் போட வந்த அன்று எங்கள் வீட்டுச் சுவரில் கோணலாக இருந்த படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சரோஜா ஜூஸ் கொண்டுவந்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"வேணாம்மா. நான் விரதம். இந்த நல்ல காரியம் முடியுற வரைக்கும் வெளியில போனா பச்சைத் தண்ணி தொட மாட்டேன்."

பெண்கள் பக்கம் ஒரே மெச்சல். எனக்கும் மனுஷன்மேல் மரியாதை வந்தது. அடுத்து அவர் வாயைத் திறந்ததும் அது போய்விட்டது.

"இன்னொரு விசயம் சம்பந்தி. இப்ப கல்யாணத்துல பெத்தவங்களே நடுவுல எழும்பிப் போறாங்க, போன் பேசுறாங்க. நம்ம வீட்டுக் கல்யாணத்துல அது வேணாம். மணவறையில உக்காந்தா தாலி ஏறுற வரைக்கும் யாரும் எழும்பக் கூடாது. சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? சொல்லிவிட்டு நேராகப் பாத்ரூமுக்குப் போனேன்.

அன்றிலிருந்து எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். சடங்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதன் நட்டநடுவில் தாரை வார்த்தல். என் கைமேலேயே, என் காதருகிலேயே தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த நேரத்தில் நான் மகள் கையை உதறிவிட்டு ஓடினால், கேமரா வேறு என் பின்னாலேயே வரும். பேரப்பிள்ளைகள் வரைக்கும் போட்டுப் பார்த்துச் சிரிக்கலாம். அதைவிடப் பெரிய கவலை, ஒரே மகளை நல்லபடியாகக் கைப்பிடித்துக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்பது.

யோசித்து யோசித்துச் சம்பந்தி வழியையே பிடித்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்? கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிட்டு, விரதம் என்று அறிவித்தேன்.

"எந்தச் சாமிக்கு?" என்றாள் சரோஜா.

"முருகனுக்கு."

"முருகன் எப்போ தண்ணி வேணாம்னாரு? அவருக்கே தினம் குடம் குடமா ஊத்துறாங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரதம் இருக்கிறவனிடம் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அது ஒரு வசதி.

மஞ்சள் மாத்திரை

நலங்கு கல்யாணத்துக்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் பூவுக்குச் சொல்லிவிட்டு வரும்போது மழையில் நனைந்து எனக்குச் சளி பிடித்துக்கொண்டது. மணவறையில் மூக்கும் ஒழுகினால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் மேசையில் ஒரு பழக்கம் உண்டு. ஆளாளுக்குக் கிளினிக்கில் வாங்கி மிச்சமான மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்வோம். உன் முட்டி மாத்திரை எனக்கு, என் வாயு மாத்திரை உனக்கு. ராமையாவின் இடுப்புப் பையில் ஒரு கிளினிக்கே இருக்கும். எது எதற்கு என்று அவன் கண்டுபிடிப்பது நிறத்தை வைத்து.

"சின்ன மஞ்சள். மூக்கு ஒழுகலுக்கு இதான்யா மருந்து. ஒன்னு போட்டா நிக்கும். நீ ரெண்டாப் போடு, கல்யாண வீடு."

நலங்கன்று காலை எழுந்ததும் இரண்டு போட்டேன். பசியாறிவிட்டு மேலும் ஒன்று போட்டேன். மூக்கு நின்றது. மத்தியானத்துக்குள் மற்றதும் நின்றது.

முதலில் சந்தோஷப்பட்டேன். விரதம் பலிக்கிறது என்று நினைத்தேன். பிறகு அடிவயிறு கனத்தது. பாத்ரூமுக்குள் போய் நின்றேன். ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்தேன். இரண்டு வருடமாக எந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடினேனோ, அந்தச் சத்தத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்தது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

வீடு நிறைய விருந்தாளிகள். கீழே இருப்பது ஒரே பாத்ரூம். ஈப்போவிலிருந்து வந்திருந்த சரோஜாவின் அக்கா கதவைத் தட்டினார்.

"உள்ள யாரு? குளிக்கிறீங்களா, தூங்குறீங்களா?"

வெளியே வந்தபோது எனக்கு நிமிர முடியவில்லை. வயிறு கல் மாதிரி இருந்தது. வாசலில் என் மகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் கண்ணில் நீர் முட்டச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்கிறார்கள்.

சரோஜாவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "ஒன்னுக்கு வரல" என்றேன். இரண்டு வருடத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "ராமையா அண்ணே, வேனை எடுங்க" என்றாள்.

பம்ப் தேவன்

வேனில் பந்தலுக்கு வாங்கிய வாழைமரங்கள் குலையோடு கிடந்தன. இறக்க நேரமில்லை. அவற்றோடு நானும் ஏறினேன். எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு சாலையில் ஒரு பம்ப், அதான் வேகத்தடை, கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பம்பிலும் வேன் ஏறி இறங்கும்போது நான் கூப்பிடாத தெய்வம் இல்லை.

"மெதுவா போயா."

"மெதுவா போனா நேரமாவும், வேகமாப் போனா வலிக்கும். எது வேணும்னு ஒன்னு சொல்லு."

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் என்ன நோய் என்று மலாயில் கேட்டார்கள். நான் வயிறு என்றேன். உயிர் போகும் நேரத்திலும் வெட்கம் போகவில்லை பாருங்கள். உள்ளே ஒரு சின்ன வயது டாக்டர், நம் தமிழ்ப் பெண். வயிற்றில் கையை வைத்ததுமே முகம் மாறியது.

"அங்கிள், கடைசியா எப்போ ஒன்னுக்குப் போனீங்க?"

"காலையில கொஞ்சம்."

"இந்தப் பிரச்சனை எவ்ளோ நாளா இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"ரெண்டு வருசமா டாக்டர்" என்றாள் சரோஜா. "ராத்திரில நாலஞ்சு வாட்டி எழும்புவாரு. எங்க போறீங்கன்னு கேட்டா, கதவு பூட்டியிருக்கான்னு பாக்கப் போறேம்பாரு."

நான் அவளைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சொல்வேன் என்று இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறாள். அந்த வலியிலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைப் போட்டார்கள். எங்கே என்று நான் விளக்கப் போவதில்லை, ஆசிரியர் பாவம். போடும்போது கூசியது, கொஞ்சம் எரிந்தது. அடுத்த நிமிடம் பை நிரம்பத் தொடங்கியது. என் வாழ்வில் நான் கண்ட சுகங்களில் அதற்குத்தான் முதல் இடம். இதுவரை அந்த இடத்தில் என் கல்யாணம் இருந்தது. சரோஜா இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

டாக்டர் மாத்திரை விவரம் கேட்டார். மஞ்சள் என்றேன்.

"மஞ்சள் மருந்து பேரில்ல அங்கிள். சில சளி மாத்திரை உங்கள மாதிரி ஆளுக்கு ஒன்னுக்கை அடைச்சிடும். வயசானா புரோஸ்டேட் சுரப்பி பெருசாவுறது ரொம்பப் பேருக்கு இருக்கு. முக்கால்வாசி கேன்சர் கிடையாது. ஆனா அத நாங்க பாத்துச் சொல்லணும், நீங்களா முடிவு பண்ணக் கூடாது. தண்ணி ஏன் குடிக்கல?"

"விரதம்."

டாக்டர் சரோஜாவைப் பார்த்தார். சரோஜா கூரையைப் பார்த்தாள்.

"நாளைக்கு மகள் கல்யாணம்மா. இதை எடுத்துவிட்டுடுங்க" என்று கெஞ்சினேன்.

"இன்னிக்கு எடுத்தா நாளைக்கு மணவறையில திரும்ப அடைச்சுக்கும். அப்போ மாப்பிள்ளை கார் பின்னால ஆம்புலன்ஸ் வரும், பரவாயில்லையா? காலில கட்டுற சின்னப் பை தரேன். வேட்டிதானே கட்டுவீங்க? ஒருத்தருக்கும் தெரியாது."

ரத்தம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகம் தப்பித்தது என்று உறுதி செய்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். பின்னால் குழாயை எடுத்ததும், புற்றுநோய் இல்லை என்று சொன்னதும், மாத்திரை கொடுத்ததும் தனிக்கதை. விரல் பரிசோதனை பற்றி ராமையா சொன்னதில் பாதி பொய். மீதிப் பாதி பல் டாக்டரைவிடச் சுலபம். இப்போது ராத்திரி ஒரே ஒரு தடவைதான் கதவு பார்க்கப் போகிறேன்.

தாரை

ஆக, மணவறைக்கு வந்துவிட்டோம். நான் மெதுவாக அடியெடுத்து நடந்து வந்ததைப் பார்த்து, என்ன கம்பீரம் என்றார்கள். வேகமாக நடந்தால் குழாய் இழுக்கும்.

சொம்பு சரோஜாவின் கையில் இருந்தது. அவள் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"சத்தம் வராம ஊத்தவா?"

நேற்று அவ்வளவு நடந்த பிறகும் அவளுக்கு இந்தக் கவலை.

"நல்லா ஊத்து" என்றேன்.

தண்ணீர் விழுந்தது. குளிர்ந்து, என் கைமேல் பட்டு, கவிதாவின் கைமேல் ஓடி, மாப்பிள்ளை கையில் இறங்கித் தாம்பாளத்தில் சளசளவென்று கொட்டியது. எனக்கு ஓடத் தோன்றவில்லை. இரண்டு வருடமாகத் தண்ணீர்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என் கைக்குள் இருந்த கையைப் பார்த்தேன். சின்ன வயதில் என் சைக்கிள் சங்கிலியில் மாட்டிய சுண்டுவிரல், நகம் இன்னும் கொஞ்சம் கோணல். அந்த விரலை ஊதி ஊதி நான் அழ, அவள்தான் "வலிக்கலப்பா" என்று சொன்னாள்.

அழுதேன். மூக்கும் ஒழுகியது. மாத்திரை போடவில்லையே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எதிரே சம்பந்தியைக் கவனித்தேன். முதுகு நேராகத்தான் இருந்தது. ஆனால் கால் கட்டைவிரல்கள் இரண்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. தாடை இறுகியிருந்தது. சொம்பிலிருந்து தண்ணீர் விழ விழ அவர் கண்கள் மண்டபத்தின் வலது மூலையில் இருந்த கதவுக்கே போய்க்கொண்டிருந்தன. அந்தக் கதவு எனக்கும் தெரியும். மண்டபம் பார்க்க வந்த அன்றே நான் விசாரித்து வைத்த கதவு.

தாலி ஏறியது. அட்சதை விழுந்து முடியவில்லை, சம்பந்தி இடம் காலி.

நானும் மெதுவாக எழுந்து போனேன். காலில் கட்டிய பையைக் காலி செய்ய எனக்கும் நேரமாகியிருந்தது. உள்ளே சம்பந்தி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் குழாய் முழுசாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "சும்மா, கை கழுவ வந்தேன்" என்றார்.

நான் குழாயை மூடினேன்.

"எவ்ளோ நாளா சம்பந்தி?"

அவர் மிரட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தையே அடக்கிய பார்வை. நான் வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்து பையைப் பார்த்தார், ரப்பர் குழாயைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். தோள் தளர்ந்தது.

"மூனு வருசம்" என்றார். "நடுவுல எழும்பிடுவேனோன்னு பயந்துதான் அந்தச் சட்டத்தையே போட்டேன். எனக்கு நானே போட்டுக்கிட்டது."

"விரதமும் அதுக்குத்தானா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் தண்டனைக்கு நிற்கும் பையனின் குரலில் கேட்டார். "வலிக்குமா?"

"இதுக்கு முந்திதான் வலிச்சது. எனக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. கூட வாங்க, காட்டுறேன்."

வெளியே ஆசீர்வாதத்துக்கு எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து மெதுவாக நடந்து வருவதைப் பார்த்து, அதற்குள் என்ன ஒற்றுமை என்று யாரோ சொன்னார்கள். தட்டில் தண்ணீர் கிளாஸ்களோடு ஒரு பெண் எதிரே வந்தாள். சம்பந்தி ஒன்றை எடுத்து, கீழே வைக்காமல் முழுசாகக் குடித்தார்.

மாலையும் கழுத்துமாக நின்ற மதனுக்கு ஆச்சரியம். "அப்பா, விரதம்?"

சம்பந்தி கிளாஸைத் தட்டில் வைத்து, அது கோணலாக இருந்ததால் நேராக்கினார். "முடிஞ்சிருச்சு" என்றார்.